இருண்ட மங்காவை வாசிக்கும் முறை: பதின்பருவ மனச்சோர்வும் ‘குட்நைட் புன்புன்’ கதையும்

பதின்பருவத்தினரின் மனச்சோர்வையும் நம்பிக்கையின்மையையும் பேசும் மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஒன்று கையில் கிடைத்தால், பெரியவர்கள் வழக்கமாக முதலில் தேடுவது ரத்தத்தையும் சாவையும்தான். எத்தனை பக்கங்களில் வன்முறை இருக்கிறது, யார் சாகிறார்கள், முடிவு என்ன என்று புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதையெல்லாமா படிக்கிறாய்’ என்ற கேள்வியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இவ்வகைக் கதைகளில் சோர்வைச் சுமப்பது பெரும்பாலும் சம்பவங்கள் அல்ல. ஒரு முகம் எப்படி வரையப்பட்டிருக்கிறது, யாருடைய பேச்சு பக்கத்திலிருந்து காணாமல் போகிறது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பவையே. அவற்றை வாசிக்கும் முறையை, மங்கா படைப்பாளர் இனியோ அசானோவின் ‘குட்நைட் புன்புன்’ தொடரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். வாசிப்பவர் பதின்பருவத்தினராகவும் இருக்கலாம், அவர்கள் படிப்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோராகவோ ஆசிரியராகவோ அண்ணன் அக்காவாகவோ இருக்கலாம்.

கதைக்குள் நுழையுமுன், அது எந்த இதழில், யாருக்காக வெளிவந்தது என்று பாருங்கள். ‘குட்நைட் புன்புன்’ 2007இல் ஷோகாக்குகான் நிறுவனத்தின் ‘யங் சண்டே’ வார இதழில் தொடங்கியது. மறு ஆண்டு அந்த இதழ் நின்றுபோகவே ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழுக்கு மாறி, 2013இல் 13 தொகுதிகளுடன் முடிந்தது. இரண்டுமே வளர்ந்த ஆண்களை மனத்தில் வைத்து நடத்தப்பட்ட இதழ்கள். நாயகன் புன்புன் பள்ளிச் சிறுவன், அட்டையில் இருப்பதோ குழந்தை கிறுக்கியது போன்ற ஒரு பறவை. அதை நம்பிச் சிறுவர் கதை என்று 12 வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் மங்காவை இணையத்தில் ரசிகர்கள் செய்யும் ஆங்கில மொழிபெயர்ப்புகளில்தான் படிக்கிறார்கள், அங்கே வயது எச்சரிக்கை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், இந்த வேலையை வாசகரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் சுற்றும் தனிப் பக்கங்களை வைத்து எந்தத் தொடரையும் எடை போடாதீர்கள். சோகமான பக்கங்கள்தான் வெட்டிப் பகிரப்படுகின்றன. அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள நகைச்சுவையும் அபத்தமும் வெளியே வருவதில்லை. புன்புன் கதையில் அவை நிறையவே உண்டு.

இப்போது முதல் தொகுதியைத் திறந்து, வலமிருந்து இடமாக, உரையாடலைப் படிக்காமல் ஒருமுறை படங்களை மட்டும் பாருங்கள். தெருவும் மின்கம்பிகளும் வகுப்பறையும் புகைப்படம் போலத் துல்லியமாக இருக்கின்றன. அசானோ நிஜப் புகைப்படங்களை அடித்தளமாகக் கொண்டுதான் தம் பின்னணிகளை உருவாக்குகிறார். மற்ற மனிதர்களும் தசையும் சுருக்கமுமாக வரையப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் நடுவே புன்புனும் அவன் குடும்பத்தாரும் மட்டும் நான்கைந்து கோடுகளில் முடிந்துவிடும் பறவை உருவங்கள். கதையில் வரும் யாருக்கும் இது வினோதமாகத் தெரிவதில்லை. புன்புன் பறவையாகத் தெரிவது நமக்கு மட்டும்தான். தொடக்கத்தில் ஒரு காலை, அவன் கண் விழித்து வரும்போது வீடு சிதறிக் கிடக்கிறது, அம்மா நினைவிழந்து கிடக்கிறாள், அப்பா ‘திருடன் வந்துவிட்டான்’ என்கிறார். அப்பாதான் அடித்தார் என்பது நமக்கு உடனே புரிகிறது. அந்தக் குழப்பத்தின் நடுவே நிற்கும் பறவையின் முகத்தில் பொருத்திப் பார்க்க ஒரு உணர்ச்சியும் கிடைப்பதில்லை என்பதால், அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறான் என்று ஊகிக்கும் பொறுப்பு முழுவதும் வாசகர் தலையில் விழுகிறது. துயரத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத பெற்றோரின் நிலையும் இதுவே. இந்தத் தொடரின் மிகச் சிறந்த உத்தி இந்தப் பறவைதான் என்பது என் எண்ணம்.

வயது ஏற ஏற அந்த உருவம் மாறுவதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு பருவத்தில் அவன் வெறும் பிரமிடு வடிவமாகிறான். பின்னர் கொம்பு முளைத்த கறுத்த உருவமாகிறான். சில இடங்களில் மனிதக் கையும் உடலும் தெரியும், முகம் மட்டும் நமக்குக் காட்டப்படாது. உருவம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் வாசிப்பை நிறுத்தி, அதற்குச் சற்று முன் அவன் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தான் என்று பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். மருத்துவர்கள் மனச்சோர்வின் அறிகுறிகளாகச் சொல்பவற்றுள் தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணமும் அளவுக்கு மீறிய குற்றவுணர்வும் அடங்கும். அந்த இரண்டும் எப்போது ஏறுகின்றன, எப்போது சற்றுத் தணிகின்றன என்பதை அந்த வடிவங்களே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, பேச்சைக் கவனியுங்கள். புன்புன் பேசுவது பேச்சுக்குமிழிகளில் வருவதில்லை. ‘புன்புன் இப்படிச் சொன்னான்’, ‘புன்புனுக்கு இப்படித் தோன்றியது’ என்று யாரோ மூன்றாம் மனிதர் சொல்வதுபோல் வருகிறது, அல்லது எதிரில் இருப்பவரின் பதிலிலிருந்து அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நாம் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. தன் வாழ்க்கையைத் தானே தள்ளி நின்று பார்ப்பது போன்ற இந்த உணர்வைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் இந்தச் சிறு உத்தி கொடுக்கும் அழுத்தம் வராது. அவன் மனத்துக்குள்ளிருந்து அவனோடு நேரடியாகப் பேசும் குரல், அவன் அழைத்தால் தோன்றும் ‘கடவுள்’: சுருட்டை முடியும் இளிப்புமாக, புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போன்ற ஒரு மனிதத் தலை. சிறுவயதில் வேடிக்கைத் துணையாக வரும் அந்தத் தலை, பின்னால் அவனையே குத்திக் கிழிக்கும் குரலாக மாறுகிறது. கடவுள் வரும் பக்கங்களை மட்டும் தனியே மறுவாசிப்புச் செய்தால், ஒரு பிள்ளையின் உள்பேச்சு எப்படிக் கெடுகிறது என்பது வரிசையாகத் தெரியவரும்.

இந்தப் பழக்கம் கைவந்ததும் மற்ற தொடர்களில் அதைச் சோதித்துப் பாருங்கள். யோஷிடோக்கி ஓய்மாவின் ‘எ சைலண்ட் வாய்ஸ்’ (2013–2014, 7 தொகுதிகள்) கதையில், காது கேளாத வகுப்புத் தோழியைத் தொடக்கப் பள்ளியில் கொடுமைப்படுத்திய ஷோயா, உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது தானே ஒதுக்கப்பட்டவனாக இருக்கிறான். சுற்றியுள்ள ஒவ்வொருவர் முகத்தின் மேலும் ஒரு பெரிய பெருக்கல் குறி ஒட்டப்பட்டிருக்கிறது. ஒருவரோடு உண்மையான உறவு தொடங்கும்போது அவர் முகத்துக் குறி உதிர்ந்து விழும். ஷூசோ ஓஷிமியின் ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ (2017–2023, 17 தொகுதிகள்) தொடரில் பக்கம் பக்கமாகப் பேச்சே இராது. தாயின் முகம் மட்டும் கட்டத்தை நிறைத்துக்கொண்டு மெல்ல மாறும், மகனுக்கோ வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இத்தகைய பக்கங்களைச் சட்டென்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். பேச்சுள்ள பக்கத்துக்குக் கொடுக்கும் நேரத்தை இதற்கும் கொடுங்கள்.

சோர்வு என்றால் அழுகை, மூலையில் முடங்குதல் என்று மட்டும் எண்ணிக்கொண்டு படித்தால் பாதி தப்பிவிடும். பதின்பருவத்தில் மனச்சோர்வு எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம் என்பதை மருத்துவ வரையறைகளே ஏற்கின்றன. ஓஷிமியின் முந்தைய தொடரான ‘த பிளவர்ஸ் ஆப் ஈவில்’ (2009–2014, 11 தொகுதிகள்) இதற்கு நல்ல பாடம். மலைகள் சூழ்ந்த சிற்றூரில், பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் கவிதைகளைப் படிப்பதாலேயே தன்னை மற்றவர்களிலிருந்து உயர்ந்தவனாக நினைத்துக்கொள்ளும் கசுகா, தான் விரும்பும் பெண்ணின் விளையாட்டு உடையைத் திருடுகிறான். அதைப் பார்த்துவிட்ட நகமுரா அவனைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறாள். நகமுரா எல்லோரையும் வைகிறாள், அழிக்க நினைக்கிறாள்; இந்த ஊரில் இனி தனக்கு எதுவும் இல்லை என்று அவள் நம்புவது அந்த வசவுகளுக்கு அடியில்தான் கிடக்கிறது. அவள் கத்தும் ஒவ்வொரு இடத்திலும் பின்னணியில் மலை வருகிறதா என்று பாருங்கள்.

பள்ளி என்னும் இடத்துக்கும் ஜப்பானில் தனிக் கனம் உண்டு. 1972 முதல் 2013 வரையிலான தரவுகளைத் தொகுத்து அந்நாட்டு அரசு 2015இல் வெளியிட்ட அறிக்கை, 18 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவர்களின் தற்கொலைகள் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பர் 1ஆம் நாளையொட்டிக் கூடுவதைக் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் கமகுரா நகர நூலகம், பள்ளிக்குப் போவது சாவைப் போல் வேதனையாக இருக்கும் பிள்ளைகள் விடுப்பு எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வரலாம், இங்கே மங்காவும் இருக்கிறது, நாள் முழுக்க இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதியது. அது நாடெங்கும் பகிரப்பட்டது. கோடை விடுமுறையின் கடைசி நாள்களில் நடக்கும் காட்சிகளை இந்த விவரம் தெரிந்து படிப்பது வேறு, தெரியாமல் படிப்பது வேறு.

இனி மதிப்பீடு. இருட்டு எவ்வளவு அடர்த்தி என்பதைக் கொண்டு நான் இவற்றைத் தரம் பிரிப்பதில்லை. இரண்டு கேள்விகள் கேட்கிறேன். நாயகன் காயப்படுத்தும் மனிதர்களைக் கதை கண்ணெடுத்துப் பார்க்கிறதா என்பது முதல் கேள்வி. ‘எ சைலண்ட் வாய்ஸ்’ பார்க்கிறது. புன்புன் கதை இதில் தடுமாறுகிறது: அவன் காதலிக்கும் ஐக்கோவுக்கென்று சொந்தமாக ஒரு நரகமே இருந்தும், பெரும்பாலும் அவன் ஏக்கத்தின் வழியாகவே அவளைப் பார்க்கிறோம். இதை அசானோவின் குறை என்பதா, புன்புனின் குருட்டுத்தனத்தை அப்படியே காட்டும் திறமை என்பதா என்று வாசகர்கள் வாதிடலாம். நான் முதல் கருத்தின் பக்கம் சாய்கிறேன். காலம் நகர்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. நம்பிக்கையிழந்த மனத்துக்கு நாளை என்பதும் இன்றின் நகலாகவே தோன்றும். நல்ல படைப்பு அந்த உணர்வை முழுதாகக் காட்டும், ஆனால் அதுவே உலக நியதி என்று சாதிக்காது. ‘த பிளவர்ஸ் ஆப் ஈவில்’ பிற்பாதியில் கசுகாவை வேறு ஊரில், உயர்நிலைப் பள்ளி மாணவனாக மறுபடி வாழவைத்துப் பார்க்கிறது. சிக்கா உமினோவின் ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’ கதையில், பெற்றோரையும் தங்கையையும் விபத்தில் இழந்து தனியே வசிக்கும் 17 வயது ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) வீரன் ரெய், பக்கத்து ஊர் அக்கா தங்கைகள் மூவரின் வீட்டில் சாப்பிடத் தொடங்குகிறான். அவ்வளவுதான். அவன் சோர்வு அதனால் தீர்ந்துவிடுவதில்லை, நாள்கள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடத் தொடங்குகின்றன.

வாசிக்கும் வேகத்திலும் கவனம் தேவை. இரவு முழுக்க விழித்து ஒரே மூச்சில் 13 தொகுதிகளையும் முடிப்பது இந்தத் தொடருக்குப் பொருந்தாது. ஒருநாளைக்கு ஒரு தொகுதிக்கு மேல் வேண்டாம். படித்து முடித்தபின் தூக்கமும் பசியும் கெட்டுப்போனால், அல்லது பாத்திரத்தின் எண்ணங்கள் சொந்த எண்ணங்களாகக் கேட்கத் தொடங்கினால், புத்தகத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பாதியில் விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளை படிப்பதைப் பற்றிப் பேச விரும்பும் பெரியவர், தாமும் குறைந்தது ஒரு தொகுதியைப் படித்துவிட்டு உட்காருவது நல்லது. ‘இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது’ என்ற கேள்வி தேர்வுத்தாள் போல இருக்கும். ‘நீ அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தைக் காட்டு’ என்று கேட்டால் பேச்சு தானாக வரும். இருண்ட கதை படிப்பதே ஆபத்தின் அடையாளம் ஆகிவிடாது; தன்னை யாரோ புரிந்துகொண்டார்கள் என்ற ஆறுதலுக்காகவும் பலர் படிக்கிறார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, நண்பர்களிடமிருந்து விலகல், ஓயாத எரிச்சல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால், கதையை ஒதுக்கிவைத்து, ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றுகிறதா கண்ணா’ என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ‘ஆம்’ என்ற பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம். பதில் ‘இல்லை’ என்றால், புத்தகத்தைப் பிடுங்காமல் அவன் காட்டிய பக்கத்துக்கே திரும்பி, அடுத்த அத்தியாயத்தை இருவருமாகப் படியுங்கள்.