தும்மினால் சிறுநீர் கசிகிறது, கிரில் பூட்டைத் திறப்பதற்குள் போய்விடுகிறது: என்ன செய்யலாம்?

போன வருஷம் தைப்பூசத்துக்கு எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பு) மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் கல்லுமலை முருகன் கோயிலுக்கு பஸ் எடுத்தோம். அன்று காலையிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பசியாறும்போது தேத்தண்ணியையும் தள்ளி வைத்துவிட்டார். விரதம் போல என்று நானும் விட்டுவிட்டேன். பஸ்ஸில் பையைப் பிடிக்கச் சொன்னபோதுதான் பார்த்தேன், அர்ச்சனைச் சாமான்களுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கைலி, ஒரு பழைய துண்டு. "வயசாச்சு, அடக்க முடியல, அதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டி, தோளில் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். நாலு வருஷமாம்.

நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. சரி, என் கதை மட்டும் என்னவாம்? எனக்கு 44 வயது, இரண்டு பிரசவம், சம்பலுக்கு மிளகாய் வறுக்கும்போது தும்மல் வந்தால் காலை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன். நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே இதில் எழுதியிருப்பது எங்கள் இரண்டு பேர் மேலும் செய்து பார்த்தது, கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் வேலை, தண்ணீரைக் குறைப்பதை நிறுத்துங்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி மஞ்சளாகிறது, அது மூத்திரப்பையின் உட்புறத்தை உறுத்தி இன்னும் அடிக்கடி போகத் தூண்டும். கூடவே மலச்சிக்கல் வரும், கிருமித் தொற்றுக்கும் வழி. நாள் முழுக்கச் சேர்த்து 1.5 லிட்டரிலிருந்து 2 லிட்டர் போதும், செம்பனைக் காட்டில் வெயிலில் நிற்கிறவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். இருதயம், சிறுநீரகம் சரியில்லை என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். பகலில் பரவலாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்களுக்கு இருப்பது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வைத்தியம் மாறும். இருமினால், சிரித்தால், பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கினால் கொஞ்சம் கசிகிறது என்றால் அது கீழே தாங்குகிற தசை தளர்ந்ததால் வருவது, என் ரகம். திடீரென்று அவசரம் வந்து, கிரில் கதவில் சாவியைப் போட்டுத் திருப்புவதற்குள், குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் போய்விடுகிறது என்றால் அது அம்மாவின் ரகம், மூத்திரப்பை நிரம்பாமலே சுருங்குவதால் வருவது. இரண்டும் சேர்ந்தே வருகிறவர்களும் நிறைய. இன்னொன்று, போய்வந்தும் முழுதாகப் போன மாதிரி இல்லாமல் சொட்டிக்கொண்டே இருப்பது. இது பிராஸ்டேட் சுரப்பி வீங்கின ஆண்களுக்கும், இனிப்பு நீர் (நீரிழிவு) பல வருஷமாக இருந்து நரம்பு கெட்டவர்களுக்கும் வரும். பை காலியாகாமல் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். இந்த ரகத்துக்குக் கீழே சொல்லும் பயிற்சிகளோடு நிற்காதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். அப்புறம் பையில் ஒரு கோளாறும் இல்லாமல், முட்டி வலியால் எழுந்து போகவே நேரமாகி நனைத்துக்கொள்கிற வயதானவர்களும் உண்டு.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். பையனின் பழைய பள்ளி நோட்டில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு, எப்போது கசிந்தது என்று எழுதினேன். அளவுக்கு மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்றைக் கழிவறையிலேயே வைத்துவிட்டோம். "தோட்டத்துப் பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி இதுக்கும் கணக்கா" என்று அம்மா இரண்டு நாள் திட்டினார். ஆனால் அந்த நோட்டுதான் எல்லாவற்றையும் காட்டியது. பெரியவர்களின் பை 400, 500 மில்லி வரை பிடிக்கும், பாதி நிரம்பும்போதே முதல் உணர்வு வரும், பகலில் ஆறேழு முறை போவது சாதாரணம். அம்மா பதினாறு முறை போயிருந்தார், பல தடவை 80 மில்லிகூட இல்லை. இரவில் மூன்று முறை. நாள் முழுக்கச் சேர்த்து 3 லிட்டருக்கு மேல் போகிறது என்றால் உடனே சர்க்கரை சோதியுங்கள். நம் சுகாதார அமைச்சின் 2023 ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது, அதில் தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் கணிசம்.

நோட்டு காட்டிய இன்னொன்று, ஐந்து கோப்பை தேத்தண்ணியும் கோப்பி ஓவும் (பால் இல்லாத காப்பி). காஃபின் சிறுநீரைப் பெருக்கும், பையையும் உசுப்பும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், ஆகவே வாரத்துக்கு ஒரு கோப்பை என்று குறைத்தோம், இப்போது காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. கேஸ் பானம், பீர், கள் எல்லாம் அதே கணக்கில்தான். பார்லி தண்ணீர் நல்லதா என்று எல்லாரும் கேட்பார்கள். சீனி போடாமல் குடித்தால் அது தண்ணீரோடு சேர்ந்தது, தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் கிருமித் தொற்றுக்கு அதுவே மருந்து என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி பயிற்சி. மூத்திரப்பை, கருப்பை, குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்க, முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஒரு தசைப் படுகை இருக்கிறது, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொங்குமே தூளி, அந்த மாதிரி. பிரசவம், உடல் எடை, முக்கி முக்கி மலம் போவது, ஓயாத இருமல் எல்லாம் அந்தத் தூளியைத் தொய்ய வைக்கும். அதை மறுபடி இழுத்துக் கட்டுகிற பயிற்சியை அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் எழுதி வெளியிட்டார்.

செய்முறை இதுதான். முதலில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவே காற்று பிரியாமல் அடக்குவீர்களே, அந்த இடத்தைச் சுருக்கி, அப்படியே முன்பக்கமும் சேர்த்து உள்ளே மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் தளர்வாக இருக்கட்டும், மூச்சைப் பிடிக்க வேண்டாம். எனக்கு முதல் வாரம் முழுக்க வயிறுதான் இறுகியது, தொப்புள் மேல் கையை வைத்துப் பார்த்துத்தான் திருத்தினேன். ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை முழுசாக விடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி, பலர் அதைச் செய்வதில்லை. இப்படிப் பத்து முறை, அப்புறம் சட்சட்டென்று பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகினதும் பிடிக்கிற நேரத்தைப் பத்து எண்ணிக்கை வரை கூட்டி, உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். எங்கள் வீட்டில் ராத்திரி நாடகத்தில் விளம்பரம் வந்தால் பயிற்சி. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும். பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும், இரண்டு வாரத்தில் ஒன்றும் இல்லை என்று விட்டவர்கள்தான் அதிகம். தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே ஒரு இறுக்கு இறுக்குங்கள், இது ஒன்றே எனக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. ஆண்களும் செய்யலாம், பிராஸ்டேட் அறுவை செய்தவர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அம்மாவின் அவசரத்துக்கு இதோடு மூத்திரப்பைக்கும் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் மர நிரையில் நிற்கிற காலத்தில் கழிவறை ஏது, ஒருத்தி காவலுக்கு நிற்க இன்னொருத்தி மரத்துக்குப் பின்னால் போவாள், அதனால் எங்கே கழிவறையைக் கண்டாலும் "எதுக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்பது அம்மாவுக்கு வாழ்நாள் பழக்கம். அப்படிப் போய்ப் போய் கொஞ்சம் நிரம்பினாலே மணி அடிக்கப் பை பழகிவிடுகிறது. அதை மாற்ற, அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நில்லுங்கள், முடிந்தால் நாற்காலியில் உட்காருங்கள், கீழ்த் தசையை ஐந்தாறு முறை வேகமாகச் சுருக்குங்கள், மனதைத் திருப்ப நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும், இறங்கினதும் நிதானமாக நடந்து போங்கள். அம்மா எண்ணுவதற்குப் பதிலாகக் கந்த சஷ்டி கவசத்தில் நாலு வரி சொல்வார். நோட்டில் இருக்கும் இடைவெளியிலிருந்து ஆரம்பித்து வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டினோம். ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்தவர் ஏழெட்டு வாரத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு வந்தார், நடுவில் சளி பிடித்த ஒரு வாரம் எல்லாம் பழையபடி ஆகித் திரும்ப ஏறினார். எரிச்சல், காய்ச்சல் இருக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டாம்.

எடை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 2009-ல் அமெரிக்காவில் பருமனான பெண்களிடம் செய்த ஆய்வில் எடை 8 விழுக்காடு குறைந்த குழுவுக்கு வாராந்தரக் கசிவு ஏறக்குறைய பாதியானது. 75 கிலோ ஆள் 6 கிலோ இறக்குவது மாதிரி. மலச்சிக்கலையும் கவனியுங்கள், நிறைந்த குடல் பையை அழுத்தும், பப்பாளியும் கீரையும் வீட்டுப் பின்னாலேயே இருக்கிறது.

மருந்துப் பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். இரத்தக் கொதிப்புக்கும் கால் வீக்கத்துக்கும் தருகிற, சிறுநீரைப் பெருக்கும் தண்ணி மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. இரத்தக் கொதிப்புக்கான பெரிண்டோப்ரில் வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும், இருமலோடு கசிவும் வரும். அதே கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும், பகலில் காலில் தேங்கின நீர் படுத்ததும் சிறுநீராக இறங்கும், அதற்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் உதவும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரம் மாற்றலாமா, வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, வழியில் மிதியடி வேண்டாம், நாடா முடிச்சு போடாத உடை. மாதவிடாய் பேட் இதற்குச் சரிப்படாது, சிறுநீருக்கென்றே தனி பேட் பார்மசியில் கிடைக்கிறது, நனைந்ததும் மாற்றிக் கழுவித் துடைத்து மெல்லியதாக வாசலின் தடவினால் தோல் புண்ணாகாது. வசதிக்காக முழு நாளும் பம்பர்ஸ் போட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை, நடக்க முடிந்தவரும் நடப்பதை விட்டுவிடுவார்.

சிறுநீரில் இரத்தம், சிறுநீர் போகவே முடியாமல் அடிவயிறு உப்பி வலிப்பது, காய்ச்சலோடு முதுகுப் பக்கம் வலி, காலில் திடீர் பலவீனம், உட்காரும் இடம் மரத்துப் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ஒரு வெள்ளிதான், முதலில் சிறுநீரைச் சோதிப்பார்கள். பயிற்சி போதாவிட்டால் அவசரத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, அவற்றில் சில வாயை உலர்த்தும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தரலாம், அதனால் ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துகளையெல்லாம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஹார்மோன் கிரீம், கசிவு அதிகமானவர்களுக்குச் சிறு அறுவை என்று மேலும் வழிகள் இருக்கின்றன. பெண் டாக்டர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம்.

மலாயில் எப்படிச் சொல்வது என்றுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. "தாக் போலே தாஹான் கென்சிங்" (சிறுநீரை அடக்க முடியவில்லை) என்று சொல்லிக் கொடுத்தேன். நம்பர் வரும் வரை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார், உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே மூச்சு விடாமல் ஒப்பித்தார். டாக்டர் பெண் சிரித்துவிட்டு, "உட்காருங்கம்மா, தமிழ்லயே சொல்லுங்க, எத்தனை நாளா?" என்றார்.