கம்பெனியை மாற்றினால் காசு மிச்சமா? மாறும்போது கை சுடும் இடங்கள்

போன வருஷம் வீட்டு இன்டர்நெட்டை மாற்றினோம். மாதம் 240 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு, பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லி போன் செய்தேன். "சரி சார், ஆள் வந்து மோடத்தை எடுத்துக்குவாரு" என்றார்கள். ஆள் வந்தார், எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, மோடம் திரும்பி வரவில்லை, 2,000 ரூபாய் கட்டவும் என்று வக்கீல் நோட்டீஸ் தோரணையில் ஒரு மெசேஜ். யாரிடம் கொடுத்தேன், என்றைக்குக் கொடுத்தேன் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கட்டித் தொலைத்தேன். வருஷத்து மிச்சம் 2,880 ரூபாயில் கையில் நின்றது 880.

அதிலிருந்து எதை மாற்றினாலும், புதியது என்ன விலை என்று பார்ப்பதற்கு முன்னால் பழையதை எப்படி முடிப்பது என்றுதான் பார்க்கிறேன். பணம் ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான்.

செல்போனில் ஆரம்பிக்கிறேன், மாறுவது அதில்தான் சுலபம். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. PORT என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு உங்கள் நம்பரை எழுதி 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு கோடு (code) வரும். தமிழ்நாட்டில் அதற்கு நாலு நாள்தான் ஆயுள். அதைக் காட்டி புது சிம் வாங்கினால், மூன்று வேலை நாளில் மாறிவிடும்.

இதில் பலரும் செய்கிற தப்பு, ரீசார்ஜ் தொகையை மட்டும் ஒப்பிடுவது. 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13. 28 நாளுக்கு 299 ரூபாய், காலண்டர் மாதத்துக்கு 319 ரூபாய் என்று இரண்டு பிளான் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வருஷத்துக்கு 3,887, இரண்டாவது 3,828. இருபது ரூபாய் கூடுதலாகத் தெரிந்ததுதான் மலிவு! தேதி மாறாமல் மாதாமாதம் புதுப்பிக்கிற பிளான் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஆப்பைத் திறந்தால் அது கண்ணில் படுகிற மாதிரி மேலே இருக்காது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

அப்பா பட்டன் போன் வைத்திருக்கிறார், பேசுவதோடு சரி. அவருக்கும் தினம் ஒன்றரை ஜிபி போட்டுக்கொண்டிருந்தோம். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது, அடுத்த மாதமே கம்பெனிகள் அவற்றைக் கொண்டுவந்தன. அவருக்குக் கம்பெனியை மாற்றவே தேவைப்படவில்லை.

அடுத்தது சிக்னல். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியபோது, கோபத்தில் பிஎஸ்என்எல்லுக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சிலருக்கு நன்றாக எடுத்தது. சிலர் மொட்டை மாடிக்குப் போய்ப் பேச வேண்டியதாயிற்று. உடனே திரும்பி வரவும் வழி இல்லை, ஒரு கம்பெனியில் 90 நாள் இருந்தால்தான் அடுத்த மாற்றம். அதனால் முதலில் அந்த கம்பெனி சிம் வைத்திருக்கிற மச்சானையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வீட்டுக்குக் கூப்பிட்டு, சமையல்கட்டிலும் கதவைச் சாத்திய படுக்கையறையிலும் நின்று பேசிப் பாருங்கள். வாசலில் நின்று பார்த்தால் எல்லா சிம்மும் நன்றாகத்தான் எடுக்கும்.

பிரீபெய்டில் மாறும்போது மீதி இருக்கிற நாளும் பேலன்ஸும் கூட வராது. 84 நாள் பிளானைப் போட்டுவிட்டு இருபதாம் நாள் கோபம் வந்து மாறினால் 64 நாள் போச்சு. வேலிடிட்டி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது மெசேஜ் அனுப்புவதுதான் கணக்குக்கு ஒத்து வரும். போஸ்ட்பெய்டில் சிக்கல் வேறு. மாறிய பிறகு பழைய கம்பெனியிடமிருந்து கடைசி பில் ஒன்று வரும். நாம்தான் போய்விட்டோமே என்று கட்டாமல் விட்டால், புது இடத்திலும் நம்பரைத் துண்டிக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்று, அந்த எட்டு எழுத்து கோடை போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அது கையில் கிடைத்தால் உங்கள் நம்பரையே தள்ளிக்கொண்டு போகப் பார்ப்பார்கள், பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது.

மெசேஜ் அனுப்பிய மறுநாளே பழைய கம்பெனியிலிருந்து போன் வரும். "ஏன் சார் போறீங்க, உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் ஆஃபர்" என்பார்கள். பாதிப் பேருக்கு இந்த போனே போதும், மாற வேண்டியதில்லை. வாயால் சொன்னதை நம்பாமல், "மெசேஜா அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுங்கள். பேரம் தப்பே இல்லை. கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற ஊர் இது.

பிராட்பேண்டுக்கு வருகிறேன். விளம்பரத்தில் 499 என்று இருந்தால் பில்லில் 588 ரூபாய் 82 காசு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு. பழைய பில் வரியோடு, புது விளம்பரம் வரியில்லாமல் என்று ஒப்பிட்டுவிட்டு ஆஹா என்று குதிக்கிறவர்கள் நிறைய. ஆறு மாதம் முன்பணம் கட்டினால் மாட்டும் கூலி இலவசம் என்பார்கள். இரண்டாம் மாதம் லைன் படுத்துக்கொண்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். கம்பெனி பெயரைவிட, உங்கள் தெருவில் யாருடைய ஒயர் போகிறது, அறுந்தால் வருகிற பையன் யார் என்பதுதான் முக்கியம். ஐப்பசி மழையில் யாருக்கு லைன் நின்றது என்று எதிர்வீட்டில் கேட்டால் தெரிந்துவிடும். புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே பழையதை நிறுத்துங்கள். மோடத்தை ஒப்படைக்கும்போது அதன் சீரியல் நம்பர் தெரிய ஒரு போட்டோ, வந்தவரின் கையெழுத்தோடு தேதி போட்ட சீட்டு, கட்டிய டெபாசிட் இருந்தால் அது எப்போது வரும் என்று ஒரு மெயில். என் 2,000 ரூபாய் கற்றுக்கொடுத்த பாடம், இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட்டில் நாம் கம்பெனியை மாற்ற முடியாது. மாற்ற முடிவது ஃபேனையும் பல்பையும்தான். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், கரன்ட்டைக் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார். ஹாலில் தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 40 யூனிட்டுக்கு எவ்வளவு ரூபாய் என்பது வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 90 யூனிட் ஓட்டுகிற சின்ன வீட்டில் மூவாயிரம் ரூபாய் ஃபேன் வாங்கினால் மிச்சம் பூஜ்யம். மாறாக, 520, 530 என்று ஓடுகிற வீட்டில் அதே ஒரு ஃபேன் நல்ல வேலை செய்யும். 500-ஐத் தாண்டினால் 101-லிருந்து 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கிற குறைந்த விலையும் கைவிட்டுப் போய்விடும் என்பது 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணை. ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். ஆகவே கடைக்குப் போகிறதற்கு முன் கடைசி ஆறு ரீடிங்கை எடுத்துப் பாருங்கள்.

எல்லா அறையிலும் ஒரேயடியாக மாற்றுவதும் வேண்டாத செலவு. விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேன் பழையதாகவே இருக்கட்டும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் கண்டன்சரை மாற்றி அரை மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவார். பிஎல்டிசியில் உள்ளே இருக்கிற போர்டு போனால் கம்பெனிக்காரர்தான் வர வேண்டும், அதனால் வாரன்டி கார்டு முக்கியம். சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள், அந்த ஃபேனுக்கு அது ஆகாது.

சோப்பு, துணிப் பவுடர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பாதீர்கள். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். நான் ஒருதடவை வாளிக்குப் போடுகிற மலிவுப் பவுடரை முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினில் போட்டு, நுரை பொங்கி, வீட்டில் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன்.

மருத்துவ இன்ஷூரன்ஸ் மட்டும் அவசரப்படக் கூடாத இடம். பிரீமியம் ஏறிவிட்டதே என்று பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அது மூன்று வருஷம் வரை இருக்கலாம். செல்போன் நம்பர் மாதிரியே பாலிசியையும் "போர்ட்" செய்யக் கேட்டு மாறினால், காத்திருந்த காலம் கூடவே வரும். அதுவும் பழைய தொகை வரைக்கும்தான். 3 லட்சத்தை 10 லட்சமாக்கினால் கூடுதல் 7 லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். புது கம்பெனி மறுக்கவும் செய்யலாம், ஆகவே அவர்கள் எழுத்தில் சம்மதிக்கும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுத்து வைத்த அனுமதி. ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று உயிரோடு இருந்தன. அதில் ஒன்று, பையன் பத்தாவது பரீட்சைக்காகக் கேட்டு வாங்கிய ஆப், மாதம் 149 ரூபாய். பையன் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். மூன்றையும் ரத்து செய்து முடித்தேன், பால் இன்னும் பொங்கவில்லை.