பிச்சாவரம் சேற்றைக் குழாயில் எடுப்பது எப்படி

பிச்சாவரம் அலையாத்திக் காடு, அதனால் முதலில் வனத்துறை அனுமதி. அப்புறம் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குங்கள். சுரபுன்னை வேர்களை மிதிக்காமல், ஒரு மீட்டர் பிவிசி குழாயை நேராக அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடி மெல்ல உருவுங்கள். அவசரமாக இழுத்த முதல் நாள் எனக்குப் பாதிச் சேறு நழுவிப் போனது.

குழாயை நீளவாக்கில் பிளந்தால் மேலே விரலளவு பழுப்பு, கீழே மை போன்ற கருமை, அழுகிய முட்டை வாடை. காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக்குகின்றன. அது இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் ஆகிறது. நிறங்களை உடனே குறித்துக்கொள்ளுங்கள், காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்.

சேற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஐஸ்பெட்டியில் வையுங்கள். திறந்து கிடந்தால் பைரைட் கந்தக அமிலமாக மாறும். இறால் குட்டைக்காக வெட்டிப்போட்ட அலையாத்தி மண் புளித்துப்போவதும் இதனால்தான்.