கிட்டார் வா பெடலை பேஸுக்குப் பழக்குவது

பேஸ் கிட்டாரின் ஈ தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். மிதித்தால் ஒலியை 'வா-வா' என்று வளைக்கும் கிட்டார் வா பெடல் மேய்வதோ சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே. அதனால்தான் காலை வைத்ததும் 'வா' கேட்கிறது, அடித்தொனி காணாமல் போகிறது.

பெடலைத் திறக்காமலே சரிசெய்யலாம். பாஸ் (Boss) எல்எஸ்-2 போன்ற லூப் பெடல், ஒலியை ஏ, பி என்று இரண்டு வழிகளாக (லூப்) பிரித்து மறுபடி கலக்கும். அதன் ஏ லூப்பில் வாவைச் செருகுங்கள். பி லூப்பின் செண்டையும் (ஒலி வெளியேறும் துளை) ரிட்டர்னையும் (திரும்பி வரும் துளை) குட்டி பேட்ச் கேபிளால் இணைத்து, 'ஏ+பி மிக்ஸ்' வையுங்கள். பி குமிழ் நடுவில் இருக்கட்டும். ஏ குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஏற்ற ஏற்ற அடித்தொனி மெலிந்தால், இரண்டு ஒலியும் எதிர் ஃபேஸில் (ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி) மோதுகின்றன என்று அர்த்தம். அதற்கு ஃபேஸ் மாற்றும் ஸ்விட்ச் உள்ள, ஒலிகளைக் கலக்கும் பிளெண்டர் பெடல்தான் வழி.

சால்டரிங் பழக்கம் உள்ளவர்கள் ஸ்வீப்பையே, அதாவது வா மேயும் அதிர்வெண் எல்லையையே, கீழே இறக்கலாம். பழைய பாணி 'கிரைபேபி' வா பெடலின் போர்டில் '103' என்று எழுதிய 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும். பலர் தப்புவது இங்கேதான். 68 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் இருப்பது இன்புட்டுக்கு உரியது. அதை மாற்றினால் ஸ்வீப் நகராது. இன்டக்டருக்கும் இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டருக்கும் நடுவே இருப்பதைக் கழற்றுங்கள். 0.022 போட்டால் ஸ்வீப் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். 0.047 போட்டால் பாதிக்கும் கீழே போகும். 0.1 வரை போகிறவர்களும் உண்டு, ஆனால் குதிகால் பக்கம் வெறும் கொழகொழப்புதான் மிஞ்சும். இரண்டு மூன்று மதிப்புகளை முதலையிடுக்கியில் மாட்டி, ஆம்ப்பில் வாசித்துப் பார்த்த பிறகே நிரந்தரமாகப் பற்றவையுங்கள். போர்டில் கடுகுபோல எஸ்எம்டி உறுப்புகள் (போர்டின் மேலேயே ஒட்டிப் பற்றவைத்தவை) இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

'வா' ஒலியின் கூர்மை தனி விஷயம். இன்டக்டருக்கு இணையாக உள்ள 33 கிலோ ஓமை 47 ஆக்கினால் 'வா' இன்னும் கூவும். பேஸில் அது சட்டென்று சத்தத்தை எகிறவைத்து ஸ்பீக்கரைத் திணறடிக்கும், ஆகவே 33-ஐயே விட்டுவிடுவது நல்லது.

மிதிக்கும்போது கரகரவென்றால், மிதியோடு சுழலும் பொட்டென்ஷியோமீட்டரின் (சுருக்கமாக பொட்) கார்பன் தடத்தில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, கடைசிவரை இருபது முறை மிதியுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் தடம் தேய்ந்துவிட்டது. 100 கிலோ ஓம் வா பொட்டாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண வால்யூம் பொட்டின் தண்டில் பற்சக்கரம் உட்காராது.