கெட்டுப்போன முதல் பிரதியைத் தூக்கி எறியாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி நான்காம் படிவம் பயிலும் என் மகள், பால்மரப்பட்டையின் (ரப்பர் மரப்பட்டையின்) சாய்வான வெட்டுக்கோடுகளைத் துணிப்பையில் திரை அச்சாக (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் திறந்த இடங்கள் வழியே மையைத் தள்ளி) பதிக்க முயன்றபோது, திரையைக் கழுவுகையிலேயே அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மழை ஈரத்தில், திரையில் பூசிய ஒளியுணர் பசை (ஒளி பட்ட இடத்தில் இறுகி, படாத இடத்தில் கழுவினால் கரைந்துபோகும் பூச்சு) முழுதாகக் காயாததே காரணம் என்பது, அத்திரையில் எடுத்த முதல் பிரதியின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்த ‘காய்ந்தது 40 நிமிடம்’ என்ற குறிப்பால்தான் புலப்பட்டது. ஆகவே, பள்ளிச் செயல்திட்டத்திற்குச் சிந்தனை மீட்சி (செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் பகுதி) எழுதும் மாணவர்கள், பசை காய்ந்த நேரம், ஒளி காட்டிய நேரம், மை இழுத்த தடவைகள் ஆகியவற்றை ஒவ்வொரு சோதனைப் பிரதியிலும் அன்றன்றே குறித்து, அதனைக் கோப்பில் ஒட்டி வைக்க வேண்டும்; ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் நினைவிலிருந்து எழுதுவது பாதி கற்பனையாகவே முடியும். சென்டிமீட்டருக்கு 43 இழைகள் கொண்ட அதே திரையில் மீண்டும் பசை பூசி, இருட்டறையில் மின்விசிறிக்கு எதிரே இரவு முழுவதும் காயவைத்த பின்னர், கோடுகள் தனித்தனியே நின்றன.