அனலாக் சிப் ஆராய்ச்சியில் கட்டுரையைக் கெடுக்கும் தவறுகள்

அனலாக் ஒருங்கிணைந்த சுற்று வடிவமைப்பில் ஒரு கருத்து தோன்றிய நாளுக்கும் அது கட்டுரையாக அச்சேறும் நாளுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் எளிதாகக் கடந்துவிடும். சுற்றை வடிவமைத்து, சிப்பில் பாகங்கள் அமையும் வரைபடமான லேஅவுட்டை வரைந்து, சிப் தயாரிக்கும் ஃபவுண்டரிக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, கைக்கு வந்த சிப்பைச் சோதனைப் பலகையில் பொருத்தி அளந்த பிறகுதான் எழுதுவதற்கு ஏதேனும் இருக்கும். இத்துறையின் முன்னணி மேடைகளான, 1954 முதல் நடந்துவரும் ஐ.எஸ்.எஸ்.சி.சி. மாநாடும் 1966-இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ்.சி. ஆய்விதழும், கணினிச் சிமுலேஷனில் மட்டும் இயங்கும் சுற்றை அனேகமாக ஏற்பதில்லை; அளந்து காட்டப்பட்ட சிலிக்கானையே அவை எதிர்பார்க்கின்றன. ஆகவே மதிப்பாய்வாளர்கள் சுட்டிக்காட்டும் குறைகளில் பல, எழுத்தில் திருத்தக்கூடியவையாக இருப்பதில்லை. வடிவமைப்பைத் தயாரிப்புக்கு ஒப்படைக்கும் டேப்-அவுட்டுக்கு முன் எடுத்த, அல்லது எடுக்கத் தவறிய, முடிவுகளின் விளைவுகளே பின்னர் கட்டுரையின் குறைகளாகத் தெரிகின்றன.

முதல் தவறு, ஆய்வுக்கான கேள்வியை, முந்தைய சுற்றுகளின் எண்களை அடுக்கிக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணையிலிருந்து எடுப்பது. அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளை, அதாவது ஏ.டி.சி.-க்களை, எடுத்துக்கொண்டால், 1997 முதல் ஐ.எஸ்.எஸ்.சி.சி.-யிலும் வி.எல்.எஸ்.ஐ. சிம்போசியம் என்ற மாநாட்டிலும் வெளியானவற்றின் அளவீடுகளை ஆய்வாளர் போரிஸ் முர்மன் தொகுத்து வருகிறார். அந்தத் தொகுப்பின் வரைபடத்தைத் திறந்து, புள்ளிகள் இல்லாத ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு புள்ளி வைப்பதே ஆராய்ச்சி என்று புதிய மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். அந்த வெற்றிடம் யாருக்கும் தேவைப்படாததாலேயே வெற்றிடமாக இருக்கலாம். மதிப்பாய்வாளர் கேட்பது வேறு: இதுவரையான சுற்றுகளை எது கட்டுப்படுத்திவந்தது, அந்தக் கட்டுப்பாட்டை உங்கள் சுற்று என்ன செய்கிறது?

இதற்கு ஒரு கணக்கு. 1 பைக்கோஃபாரட் மின்தேக்கியில் ஒரு சைகையை (சிக்னலை) சாம்பிள் செய்தால், அதாவது அதன் கணநேர மதிப்பைப் பிடித்துவைத்தால், அறை வெப்பநிலையில் அதில் தங்கிவிடும் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ 64 மைக்ரோவோல்ட். சுவிட்சின் தடையை எவ்வளவு மாற்றினாலும் இந்த எண் மாறாது. முழு வீச்சு 1 வோல்ட் கொண்ட 12 பிட் ஏ.டி.சி.-யின் ஒரு படி 244 மைக்ரோவோல்ட். மதிப்பைப் படிகளாக முழுமையாக்குவதால் எழும் அதன் குவாண்டைசேஷன் இரைச்சல் ஏறத்தாழ 70 மைக்ரோவோல்ட். ஆக, 1 பைக்கோஃபாரட் மட்டும் வைத்தால் இரண்டு இரைச்சல்களும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் நின்று, மொத்தத்தில் 2.6 டெசிபல் இழப்பை உண்டாக்கும். மின்தேக்கியைப் பெரிதாக்கினால் வெப்ப இரைச்சல் குறையும், ஆனால் அதை ஓட்டும் பெருக்கி கூடுதல் மின்சாரம் உண்ணும். இந்த முடிச்சை அவிழ்க்க முயலும் சுற்று, எடுத்துக்காட்டாகச் சாம்பிள் இரைச்சலை அளந்து கழித்துவிடும் அண்மைக்கால முறைகள், தன் எண்ணில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் கட்டுரையாகும் தகுதி உள்ளது. முடிச்சு எதுவென்றே சொல்லாமல், முந்தையதைவிட 10 விழுக்காடு குறைந்த மின்சாரம் என்று மட்டும் சொல்வது அந்தத் தகுதியைப் பெறாது.

கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் படித்துவிட்டு அடிப்படை ஆய்வுகளை விட்டுவிடுவதும் இதன் உடன்பிறப்புதான். மின்னோட்டத்தை ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் கரண்ட் கன்வேயர் சுற்றை செட்ராவும் ஸ்மித்தும் முன்வைத்த ஆண்டும், பாரி கில்பர்ட்டின் பெருக்கற் சுற்று வெளியான ஆண்டும் 1968. அவற்றின் வழித்தோன்றல்களுக்குப் புதிய பெயர் சூட்டி, மாதிரிச் சமன்பாட்டை வைத்து ஒரு வடிகட்டியையோ அலையியற்றியையோ வரைந்து, ஏ.டி.844 என்ற கடைச்சரக்குச் சிப்பைக் கொண்டு ஒரு சோதனையும் செய்து முடிக்கும் கட்டுரைகள் இன்றும் ஏராளமாக வருகின்றன. சமன்பாடு சரி என்பதை அவை நிறுவுகின்றன; அதில் ஐயம் கொண்டவர் யாரும் இருந்ததில்லை. இரைச்சல் எவ்வளவு, டிரான்சிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டால் என்ன ஆகும், வழக்கமான ஆப்-ஆம்ப் (செயற்பாட்டுப் பெருக்கி) சுற்றைவிட இது எங்கே மேல் என்ற கேள்விகளுக்கு அவற்றில் பெரும்பாலும் விடை இராது.

சிமுலேஷன் கட்டத்தில் செய்யும் தவறுகளை எல்லோரும் அறிவார்கள், அறிந்தும் செய்கிறார்கள். இயல்பு நிலை மாடலிலும் 27 டிகிரியிலும் மட்டும் சுற்றை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது அவற்றுள் தலையாயது. வேகமான, மெதுவான, இரண்டும் கலந்த கார்னர்கள் (தயாரிப்பு விலகலின் எல்லை நிலைகள்) அனைத்திலும், -40 முதல் 125 டிகிரி வரையிலும், மின்வழங்கல் 10 விழுக்காடு ஏறியும் இறங்கியும் சுற்று தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிப்பில் உள்ள மின்தடைகளின் மதிப்பு 15, 20 விழுக்காடு விலகுவது இயல்பே. பொருத்தமின்மையைப் பற்றி 1989-இல் பெல்க்ரோமும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டிய விதியின்படி, இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பாதியாக்க அவற்றின் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே இத்தகைய வேறுபாடுகளைத் தற்செயலாக மாற்றிச் சுற்றைப் பலமுறை ஓட்டும் மான்டி கார்லோ சிமுலேஷனைக் கடைசி வாரத்தில் செய்து பார்ப்பவருக்கு லேஅவுட்டை மாற்ற இடமே இருக்காது. முழு வேறுபாட்டுப் பெருக்கிகளில் இரு வெளியீடுகளின் சராசரியை நிலைநிறுத்தும் பொதுப்பாங்குப் பின்னூட்டச் சுழலின் நிலைத்தன்மையைத் தனியே சோதிக்காமல் விடுவதும், நிலையான மின்னழுத்தம் தரும் பேண்ட்கேப் சுற்றுக்கு மின்னோட்டமே பாயாத இரண்டாவது நிலை ஒன்று உண்டு என்பதை மறந்து தொடக்கச் சுற்றை எல்லாக் கார்னர்களிலும் மெதுவான மின்வழங்கல் ஏற்றத்துடன் பார்க்காமல் விடுவதும், திரும்பி வந்த சிப்பை உயிரற்றதாக்கும். அப்படி வந்த சிப்பைப் பற்றி எந்தக் கட்டுரையும் எழுத முடியாது.

இவற்றைவிட அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது அளவீட்டுத் திட்டம். கட்டுரையில் என்னென்ன வரைபடங்கள் இடம்பெற வேண்டும் என்பதை டேப்-அவுட்டுக்கு முன்பே தாளில் எழுதி, ஒவ்வொரு வரைபடத்துக்கும் எந்தப் பின்னில் எதை அளக்கப் போகிறோம் என்று குறித்துவைப்பவர்கள் மிகச் சிலரே. மாதிரிக்கு ஒன்று: உங்கள் கருத்து ஒரு புதிய திருத்தும் முறை என்றால், அதை அணைத்து வைத்தும் இயக்கி வைத்தும் ஒரே சிப்பில் அளந்து காட்ட வேண்டும், அணைப்பதற்கான ஒரு பிட்டைச் சிப்பின் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) வைக்க மறந்தால், முன்னேற்றம் உங்கள் கருத்தால் வந்தது என்பதை நிறுவ வழியில்லை. உள்ளே இருக்கும் ஒரு முனையை வெளியே கொண்டுவர வேண்டுமானால், அதற்குத் தாங்கிச் சுற்று (பஃபர்) தேவை. சாதாரண ஆஸிலோஸ்கோப் புரோபின் 10 பைக்கோஃபாரட் அளவிலான சுமையை ஒரு மெல்லிய முனையின் மேல் ஏற்றினால் அளக்கப்படுவது வேறு சுற்று ஆகிவிடும். சிப்பையும் பொதியையும் இணைக்கும் கம்பி, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி தூண்டல் கொண்டது. அதைச் சிமுலேஷனில் சேர்க்காதவர்கள், மின்வழங்கலில் எழும் அதிர்வைக் கண்டு பல வாரங்கள் குழம்புவார்கள். அனலாக் பகுதி, கிளாக் பகுதி, டிஜிட்டல் பகுதி, ஒப்பிடுவதற்கான நிலை மின்னழுத்தமான ரெஃபரன்ஸின் தாங்கி ஆகியவற்றுக்கு மின்வழங்கல் பின்களைத் தனித்தனியே ஒதுக்குவதும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டியது. இந்த ஒதுக்கீட்டைச் செய்யாதவருக்கு மின்செலவின் பிரிவினையைக் காட்டும் படத்தை எந்த எழுத்துத் திறமையாலும் வரைய முடியாது.

மின்செலவைக் கணக்கில் காட்டுவதில்தான் கட்டுரைகளின் நேர்மை அடிக்கடி சோதிக்கப்படுகிறது. ஏ.டி.சி.-க்களுக்கு இரண்டு தகுதி எண்கள் வழக்கில் உள்ளன. 1999-இல் வால்டன் வெளியிட்ட ஆய்வுடன் பரவலான முதலாவது, மின்செலவை மாற்று வேகத்தாலும் இரைச்சலும் திரிபும் போக எஞ்சும் உண்மையான பிட் எண்ணிக்கைக்கேற்ப இரண்டின் அடுக்காலும் வகுப்பது. ஒரு பிட் கூடினால் மின்செலவு இரு மடங்காகும் என்ற கணக்கு அதற்குள் மறைந்திருக்கிறது. வெப்ப இரைச்சலால் கட்டுப்படும் உயர்துல்லிய மாற்றிகளில் ஒரு பிட்டுக்கு நான்கு மடங்கு தேவைப்படுவதால், அவற்றுக்கு இரண்டாவதான, ஷ்ரையரின் பெயரால் வழங்கும் டெசிபல் எண்ணே பொருந்தும். இரண்டில் தனக்குச் சாதகமானதை மட்டும் காட்டுவது ஒரு பழைய தந்திரம். மதிப்பாய்வாளர் அடுத்த எண்ணைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள அரை நிமிடம் போதும் என்பதால், அதனால் பயனும் இல்லை.

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. கற்பனையாக, படிப்படியாக ஒப்பிட்டு மதிப்பை நெருங்கும் சார் (SAR) வகை ஏ.டி.சி. ஒன்று நொடிக்கு 1 கோடி சாம்பிள் வேகத்தில், 10 பிட் உண்மைத் துல்லியத்தில், 100 மைக்ரோவாட்டில் இயங்குகிறது என்று கொள்வோம்; அதன் வால்டன் எண், ஒரு மாற்றுப் படிக்கு 10 ஃபெம்டோஜூலுக்குச் சற்றுக் கீழே வரும். ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் ஆய்வகத்து மேசையில் இருக்கும் ஓர் உயர்தரக் கருவியிலிருந்து வருகிறது என்பது அடிக்குறிப்பில் இருக்கும். அந்த ரெஃபரன்ஸைச் சிப்புக்குள் தாங்குவதற்கு 150 மைக்ரோவாட் செலவாகுமானால், உண்மையான எண் 24 ஃபெம்டோஜூல். திருத்தும் கணக்கைச் சிப்புக்கு வெளியே கணினியில் செய்துவிட்டு அதன் மின்செலவைப் பூஜ்யமாகக் கொள்வதும் இப்படித்தான். வெளியே வைப்பது குற்றமன்று. ஒப்பீட்டு அட்டவணையில் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கும் பிறர் சுற்றின் அருகில் அதைக் குறிப்பின்றி நிறுத்துவதே தவறு. வெளி மின்தேக்கி இல்லாத எல்.டி.ஓ. வகை மின்னழுத்தச் சீராக்கிகளில், சுமை மின்னோட்டத்தை ஒருவர் 1 மைக்ரோ நொடியிலும் இன்னொருவர் 1 நானோ நொடியிலும் ஏற்றிவிட்டு மின்னழுத்தச் சரிவை ஒரே நெடுவரிசையில் ஒப்பிடுவதும் இதே வகை.

அளவீட்டுத் தரவைக் கையாள்வதிலும் சில வழுக்குப் பாறைகள் உள்ளன. தரவை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்.எஃப்.டி. எடுக்கும்போது, சாம்பிள்களின் எண்ணிக்கைக்கும் அதில் அடங்கும் சைன் அலைகளின் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது: 4096 சாம்பிள்களில் 127 முழு அலைகள் என்றால் சரி. 128 அலைகள் எடுத்தால் ஒவ்வொரு அலையும் அதே 32 இடங்களிலேயே தொடப்படும். குவாண்டைசேஷன் பிழை இரைச்சலாகப் பரவாமல் சைகையின் மடங்கு அதிர்வெண்களான ஹார்மோனிக்குகளில் குவிந்து, முடிவு பொய் சொல்லும். சைகை உற்பத்திக் கருவியின் சொந்தத் திரிபு சிப்பின் திரிபைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், நடுவே ஒரு கடவுப்பட்டை வடிகட்டி வைப்பது வழக்கம்; வைத்தோமா இல்லையா என்பதைக் கட்டுரையில் எழுதவும் வேண்டும். மிகச் சிறந்த ஒரு சிப்பின் எண்ணை மட்டும் தருவது மின்னழுத்த ரெஃபரன்ஸ் கட்டுரைகளில் குறிப்பாக மலிந்திருக்கிறது. டிகிரிக்கு இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று சொல்பவர், எத்தனை சிப்புகள், எந்த வெப்பநிலை வீச்சு, ஒவ்வொன்றையும் எத்தனை வெப்பநிலைகளில் டிரிம் செய்து சரிப்படுத்தினார் என்ற மூன்றையும் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

எழுத்தைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. பொருள்களின் இணையம் வேகமாக வளர்ந்துவருகிறது என்று தொடங்கும் முன்னுரைகளை மதிப்பாய்வாளர்கள் படிப்பதே இல்லை என்று துணிந்து சொல்லலாம். முதல் பக்கத்திலேயே தடை எது, அதைத் தாண்டும் கருத்து எது என்பது ஒரு படத்துடன் வந்துவிட வேண்டும். டிரான்சிஸ்டர் அளவுகளையும் பயஸ் மின்னோட்டங்களையும் மறைத்துவிட்ட சுற்றுப்படம் ஐயத்தையே வளர்க்கும். அதேவேளையில் ஃபவுண்டரியின் மாடல் அளவுருக்களையும் லேஅவுட் விதிகளையும் வெளியிடுவது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

சிப் செய்யப் பணமில்லை என்பதால் சிமுலேஷனோடு நிற்க வேண்டியதில்லை என்ற நிலை இப்போது ஓரளவு வந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்கச் சிப் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவாட்டரின் 130 நானோமீட்டர் வடிவமைப்புத் தொகுப்பு கூகுளின் முயற்சியால் திறந்த முறையில் வெளியானது, ஜெர்மனியின் ஐ.ஹெச்.பி. நிறுவனமும் தன் 130 நானோமீட்டர் பைசிமாஸ் (இருதுருவ, சிமாஸ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் கொண்ட) தொகுப்பைத் திறந்திருக்கிறது. எக்ஸ்ஸ்கீம், என்ஜிஸ்பைஸ், மேஜிக் ஆகிய திறந்த மென்பொருள்களைக் கொண்டே முழு வேலையையும் செய்ய முடியும். இந்தியாவில் மொகாலியின் எஸ்.சி.எல். நிறுவனம் 180 நானோமீட்டரில் சிப் செய்கிறது. ஆனால் பட்டப்படிப்பின் கால அட்டவணையை பலரின் வடிவமைப்புகளைச் சேர்த்துத் தயாரிக்கும் ஒரே ஒரு பகிர்வுத் தயாரிப்புத் தடவையின் மேல் கட்டுவது ஆபத்தானது: திறந்த சிப்புகளுக்கு வாயிலாக இருந்த இஃபேப்லெஸ் நிறுவனம் 2025-இல் மூடப்பட்டபோது, வரிசையில் காத்திருந்த வடிவமைப்புகள் நடுவழியில் நின்றன.

வெளியீட்டு விதிகளில் இடறுபவர்களும் உண்டு. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்புவது எங்கும் ஏற்கப்படாது. மாநாட்டுக் கட்டுரையை ஆய்விதழுக்கு விரிவாக்கும்போது மாநாட்டு வடிவத்தைக் குறிப்பிட்டு, புதிய பகுப்பாய்வோ புதிய அளவீடுகளோ எவை என்று தெளிவாக எழுத வேண்டும். சொற்களை மாற்றி நீட்டுவது விரிவாக்கமாகாது. ஐ.எஸ்.எஸ்.சி.சி. போன்ற மாநாடுகள் முன்கூட்டியே வெளியாகிவிட்ட முடிவுகளை ஏற்பதில்லை என்பதால், ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் பெருமையோடு போட்ட அளவீட்டு வரைபடமும் சிக்கலை உண்டாக்கலாம். சுற்றுக்குக் காப்புரிமை கோரும் எண்ணம் இருந்தால், கட்டுரை வெளிவருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஐரோப்பாவில், கண்டுபிடிப்பாளரே வெளியிட்டிருந்தாலும், அதன் பிறகு தாக்கலாகும் விண்ணப்பம் புதுமை இழந்ததாகவே கொள்ளப்படுகிறது.