தியானம் பழகுபவர்கள் வீட்டுக்குள் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் புத்தரின் தியான முறையைப் பழகுவதாகச் சொன்னால், “மதம் மாறிட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். மாமாங்கம் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தும் மூச்சைக் கவனிக்கலாம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் வருவது பழகியதை வீட்டுக்குள் கொண்டுபோகும்போதுதான்.

பெரிய பிழை, வாய்மூடி இருப்பதை உபேட்சை, அதாவது விருப்பு வெறுப்பில் சாயாத மனச் சமநிலை என்று நினைப்பது. சீட்டெடுத்த மச்சாள் இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. கேட்டால் மனம் கலங்கிவிடும் என்று பேசாமல் இருக்கிறோம். அவருக்கு முன்னால் சிரிப்பு, உள்ளே கொதிப்பு. இரவானதும் அந்தக் கொதிப்பு பிள்ளைகள் மேல் பாய்கிறது. புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பழைய தியான நூல் உபேட்சைக்கு இரண்டு வகை எதிரிகளைச் சொல்கிறது. விருப்பும் வெறுப்பும் தூரத்து எதிரிகள். விவரம் அறியாத அலட்சியம் பக்கத்து எதிரி. பக்கத்தில் இருப்பது உபேட்சை போலவே தெரிவதால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

ஆகவே காசைக் கேட்கத்தான் வேண்டும். எதிரில் இருப்பவருக்குக் கசக்கும் என்பதற்காகப் புத்தர் ஒரு பேச்சை ஒதுக்கவில்லை. அது உண்மையா, பயனுள்ளதா என்று பார்த்து, வேளை அறிந்து சொன்னார் என்கிறது புத்தரின் உரைகளில் ஒன்றான அபயராஜகுமார சூத்திரம். சந்தையில் நாலு பேர் நடுவில் கேட்பது வேளை அல்ல. அவர் தனியாக இருக்கும்போது, “மச்சாள், ரெண்டு மாசக் காசு நிற்குது. முழுக்க ஏலாட்டிப் பாதியாவது இந்தக் கிழமை தாங்க” என்றால் போதும். அவர் முகம் கோணினால் கோணட்டும். அந்த நேரம் நம் நெஞ்சு படபடப்பதைக் கவனிப்பதுதான் பயிற்சி.

எல்லோர் மேலும் அன்பை வளர்க்கும் மெத்தா தியானம் பழகும்போது, வேலிச் சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பிப்பதும் பிழை. முதல் நாளே சலித்துப்போகும். தன்னிடம் தொடங்கி, மதிப்புக்குரியவர், பிரியமானவர், பிறகு விருப்பு வெறுப்பு இல்லாத ஒருவர் என்பதே வரிசை. தினமும் காணும் கல்முனை பஸ் கொண்டக்டரை அந்த ஒருவராக வைத்துக்கொள்ளலாம். பகைவர் கடைசியில்தான்.

போயா எனும் பௌர்ணமி தினத்தில் மட்டும் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு மற்ற நாளெல்லாம் மறந்துவிடும் பிழையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கவனப் பயிற்சியைச் சொல்லும் சதிபட்டான சூத்திரம் மலசலம் கழிப்பதையும் கவனத்துக்குரிய வேளையாகச் சேர்த்திருக்கிறது!

சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் “எல்லாம் கர்மா” என்று சொல்வதோ பிழை மட்டுமல்ல, கொடுமை. 2004இல் நாவலடியில் கடல் செய்ததைக் கண்ட ஊர் இது. பித்தம், காற்று, பருவ மாற்றம், விபத்து என்று துன்பத்துக்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாமே பழைய வினை என்பது தவறு என்று மோளியசீவகர் என்ற துறவிக்குப் புத்தரே சொல்லியிருக்கிறார்.

கண்ணை மூடியதும் அந்தக் கடலோ யுத்த காலமோ திரும்பி வந்து உடம்பு நடுங்கினால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து எழும்பி நடவுங்கள். தொடர்ந்தும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பாருங்கள்.